இருந்ததற்கும் இல்லாததற்கும் ஒரே சீல்

என்னிடம் ஒரே தேதியிட்ட இரண்டு காகிதங்கள் இருக்கின்றன. அன்று காலை பத்து மணியிலிருந்து நான் கோர்ட்டில் இருந்தேன் என்கிறது ஒன்று. அன்று மூன்று முறை கூப்பிட்டும் நான் கோர்ட்டில் இல்லை என்கிறது மற்றொன்று. இரண்டிலும் ஒரே கோர்ட்டின் சீல். முதல் காகிதத்தில் சீல் சற்றுத் தெளிவாக விழுந்திருக்கும். அது தெளிவாக விழ வேண்டும் என்று நான் பிடித்த பிடிவாதத்தால்தான் இரண்டாவது காகிதமே பிறந்தது.

(எந்த ஊர்க் கோர்ட்டு என்று சொல்லப்போவதில்லை. சொல்லிவிட்டு, மறுபடி ஒரு சம்மன் வாங்கும் தெம்பு எனக்கு இல்லை.)

நெய்வேலியில் ஒரு சுரங்கத்தின் டைம் ஆபீஸில் முப்பத்தொரு வருடம் நான்கு மாதம் வேலை பார்த்தேன். பெரும்பகுதி லீவு செக்‌ஷன். யாருக்கு எத்தனை நாள் லீவு பாக்கி என்பதை அவரவர் மனைவிமாருக்கு முன்பே அறிந்தவன் நான். எண்ணுவது என் சுபாவம். படி ஏறினால் படியை எண்ணுவேன். பஸ் ஸ்டாப்பில் நின்றால் வண்டிகளை எண்ணுவேன். இட்லியை மட்டும் எண்ணுவதில்லை; அதை என் மனைவி கோமதி எண்ணுகிறாள் (சர்க்கரை).

கோர்ட்டு லீவுக்கு எங்கள் ஆபீஸில் ஒரு நடைமுறை உண்டு. சொந்த வழக்குக்குப் போனால் சொந்த லீவு. அரசுத் தரப்பு சாட்சியாகச் சம்மன் வந்து போனால் அந்த நாளை ஆன் டூட்டி என்று எழுதுவோம். ஆனால் கோர்ட்டிலிருந்து அட்டெண்டன்ஸ் சர்டிபிகேட் வாங்கி வர வேண்டும். அதில் கையெழுத்து, தேதி, நேரம், சீல் நான்கும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்புவேன். கிரேன் ஆபரேட்டர் பெரியசாமி ஒரு முறை கொண்டுவந்த சர்டிபிகேட்டில் சீல், நசுக்கிய நாவல் பழம் மாதிரி விழுந்திருந்தது.

"சார், நான் கோர்ட்டுக்குப் போனது நெசம். வேணும்னா போன் பண்ணிக் கேளுங்க" என்றார்.

"நீங்க போனது எனக்குத் தெரியுது பெரியசாமி. சீலுக்குத் தெரியலையே" என்றேன்.

அவருக்கு ஒரு கேஷுவல் லீவு போயிற்று. என் பதில் எனக்கே மிகவும் பிடித்துப்போய், அன்று மாலை வீட்டில் இரண்டு முறை சொன்னேன். கோமதி ஒரு முறைகூடச் சிரிக்கவில்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

ரிட்டயர் ஆக நான்கு வருடம் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, உறவில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு, குள்ளஞ்சாவடி முக்கூட்டில் வடலூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். வழக்கம்போல் வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினைந்தாவதாக ஒரு தனியார் வேன் வந்தது. நின்றிருந்த பஸ்ஸை முந்துவதற்காக அது சாலையின் தப்பான பக்கத்தில் ஏறி, ஓரமாக நின்றிருந்த ஒரு பெண்ணை அடித்துத் தள்ளியது. வேனின் நம்பரைத் தெளிவாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம், "பதினஞ்சாவது வண்டிங்க" என்று ஆரம்பித்தேன். அவர் பேனாவை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "நம்பர் கேட்டா வரிசை நம்பர் சொல்றீங்களே சார்" என்றார். பிறகு வேன் நம்பரையும் சொன்னேன்.

அடிபட்ட பெண்ணின் பெயர் அஞ்சலாட்சி. நாற்பது வயதிருக்கும். பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவள். விசாரித்தால் அவளும் நெய்வேலிதான். டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்குக்குப் பக்கத்து பிளாக்கில் கான்ட்ராக்டில் தெருக் கூட்டி, பூங்காவுக்குத் தண்ணீர் விடுகிறவள். பல வருடமாக அவள் கூட்டிய தெருவில் நடந்திருக்கிறேன். விளக்குக் கம்பங்களை எண்ணியிருக்கிறேன். அவளைப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. இடது காலில் பிளேட் வைத்தார்கள். ஏழு மாதம் கழித்து, காலைச் சற்று இழுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினாள்.

பிறகு சம்மன் வந்தது. அரசுத் தரப்பு மூன்றாவது சாட்சி, தண்டபாணி, நான்.

சம்மனை வாங்கியதும் எனக்கு முதலில் தோன்றியது சாட்சியம் பற்றி அல்ல, லீவு பற்றி. அந்த வருடம் என் கணக்கில் நான்கு கேஷுவல் லீவு மிச்சம். ஒன்று மகள் வித்யாவின் பட்டமளிப்புக்கு. ஒன்று கடைவாய்ப்பல் பிடுங்க. ஒன்று வடலூர் ஜோதிக்கு. நான்காவதை, அதுவரை யார் சாவார்கள் என்று தெரியாததால், பெயர் எழுதாமல் வைத்திருந்தேன். இவற்றில் கை வைக்காமல் கோர்ட்டுக்குப் போய்வர வேண்டும்.

முதல் வாய்தாவில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். மாலை ஐந்து மணிக்கு, எங்களை விசாரிக்க நேரமில்லை, அதே மாதத்தில் இன்னொரு தேதி என்றார்கள். சர்டிபிகேட் வாங்க ஓடினால், சீல் இருக்கும் பீரோவைப் பூட்டிவிட்டார்கள். மறுநாள் என் லீவு கார்டில் என் கையாலேயே ஒரு நாளைக் கழித்தேன். பெயர் எழுதாத சாவு போயிற்று. எங்கள் சூப்பிரண்டெண்ட் ரஹீம் சார் அந்த வரியில் கையெழுத்துப் போடும்போது, "ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணுதானே தண்டபாணி" என்றார். மிக மென்மையாகத்தான் சொன்னார். மூன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

ஆகவே இரண்டாவது வாய்தாவுக்கு ஒரு திட்டத்தோடு கிளம்பினேன். முதலில் சர்டிபிகேட், அப்புறம் சாட்சி. கோர்ட்டில் படிவம் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக நானே டைப் அடித்து, மூன்று காப்பி எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்தேன்.

வடலூரில் பஸ் மாறும்போது அஞ்சலாட்சி எனக்குப் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தாள். கையில் ஒரு மஞ்சள் பை.

"சார், இன்னிக்கு முடிஞ்சிடுமா?" என்றாள்.

"முடியணும். நம்ம கேஸ் லிஸ்ட்ல எத்தனாவதுன்னு போய்ப் பார்க்கணும்" என்றேன். என் கவனம் படிவத்தில் இருந்தது. 'நேரம்' என்ற இடத்தில் 'முதல்', 'வரை' இரண்டுக்கும் போதிய இடம் விட்டேனா என்று சந்தேகம்.

"முடிஞ்சாத் தேவலைங்க. எங்க மேஸ்திரி, மாசத்துல மூணு நாள் வரலைன்னா பேரை எடுத்துட்டு வேற ஆள் போட்டுடுவாரு. போன வாய்தா ஒண்ணு. இன்னிக்கு ரெண்டு. கால் ஒடஞ்சப்பவே எடுத்துட்டாங்க. அப்புறம் ஓனர் வூட்டு வாசல்ல நாலு நாள் நின்னுகினு கெடந்துதான் திரும்பப் பேரு எழுதுனாங்க."

"நீயும் சர்டிபிகேட் வாங்கிக்கம்மா. சம்மன் வந்த சாட்சிதானே? நான் ஒரு காப்பி தரேன். எங்கிட்ட மூணு இருக்கு."

அவள் படிவத்தை வாங்கி, மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு, மடிப்புக் கலையாமல் என்னிடமே கொடுத்தாள்.

"இத எங்க சார் குடுக்கறது?" என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. இருபத்தேழு வருடம் லீவு செக்‌ஷனில் இருந்தவனுக்கு லீவு பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் தெரியாதது அதுதான் முதல் முறை. காப்பியைத் திரும்ப உறையில் போட்டேன். ஜன்னல் வழியே முந்திரித் தோப்புகளைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் மறந்துவிட்டேன்.

கோர்ட்டு வராந்தாவில் பதினான்கு தூண்கள், ஆறு பெஞ்சுகள் (ஒன்றுக்குக் கால் ஆட்டம்). எங்கள் கேஸ் லிஸ்ட்டில் இருபத்து மூன்றாவது. அரசு வக்கீல் எங்கள் இருவரையும் பார்த்து, "இங்கயே இருங்க. எங்கயும் போகாதீங்க. எதிர்த்தரப்பு வக்கீல் ரெண்டு பேரையும் ஒரே நாள்ல குறுக்கு விசாரணை பண்ணணும்னு கேட்டு வாங்கியிருக்காரு. ஒருத்தர் இல்லைன்னாலும் தள்ளிப் போயிடும்" என்றார். நான் தலையாட்டினேன். பிறகு கணக்குப் போட்டேன். ஒரு கேஸுக்கு சராசரி ஆறு நிமிடம் என்றால் இருபத்து மூன்றாவது வர இரண்டேகால் மணி நேரம். அஞ்சலாட்சியிடம், "இரும்மா, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வராந்தாவின் கடைசியில் இருந்த ஆபீஸ் அறைக்குப் போனேன்.

என் கணக்கில் ஒரு பிசகு. முதல் இருபது கேஸ்களில் பாதிக்கு மேல் வக்கீல்கள் தேதி கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அவை தலைக்கு அரை நிமிடம்கூட எடுக்கவில்லை.

அறையில் ஒரு அம்மாள் கட்டுக்கட்டான காகிதங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"சாட்சி சொல்லிட்டு வாங்க, தரேன்" என்றார்.

"சொல்லிட்டு வரதுக்குள்ள பீரோவைப் பூட்டிடுவீங்க மேடம்."

"பூட்ட மாட்டேன் சார்."

"போன தடவை பூட்டிட்டீங்க."

இப்படி முக்கால் மணி நேரம். நடுவில் அவர் மூன்று பேருக்கு நகல் கொடுத்தார், ஒரு முறை டீ குடித்தார். நான் நகரவில்லை. கடைசியில் என்னை அனுப்பினால்தான் வேலை ஓடும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். படிவத்தை வாங்கி, ஆபீசரிடம் கையெழுத்து வாங்கி வந்து, சீலை எடுத்துக் குத்தினார்.

சீல் பாதிதான் விழுந்தது. ஊர்ப் பெயர் இருந்தது, கோர்ட்டின் பெயர் இல்லை. நசுக்கிய நாவல் பழம்.

வேறு யாராக இருந்தாலும் வாங்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். நான், "மேடம், இது தெளிவா இல்லையே. இதை எங்க ஆபீஸ்ல ஏத்துக்க மாட்டாங்க" என்றேன்.

"யாரு ஏத்துக்க மாட்டாங்க?"

"நான்தாங்க."

அவர் காகிதக் கட்டுகளை ஒதுக்கினார். பிறகு இங்க் பாட்டிலைத் தேடினார். மூடி இறுகியிருந்தது. திறந்து பேடில் ஊற்றி, அது ஊறுவதற்காகக் காத்திருக்கும்போது வெளியே டவாலியின் குரல் கேட்டது.

"தண்டபாணீ..."

இங்கே நான் நடந்துகொண்ட விதத்தைத்தான் என் பிள்ளைகளுக்கு என்னால் இன்றுவரை விளக்க முடியவில்லை. காலையிலிருந்து டவாலி கூப்பிடுவதைக் கவனித்து வந்தேன். ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை கூப்பிடுவார். ஒவ்வொன்றுக்கும் நடுவே சுமார் இருபது விநாடி. என் மூளை உடனே சொன்னது: இது ஒன்று. இன்னும் இரண்டு இருக்கிறது. நாற்பது விநாடி. பேட் ஊற இருபது, சீல் குத்த ஐந்து, நடக்கப் பத்து. ஐந்து விநாடி மிச்சம்.

அம்மாள் அதே படிவத்தில், கையெழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு முறை சீலைக் குத்தினார். அழகாக விழுந்தது. எழுத்துக்கு எழுத்து எண்ணலாம்.

"தண்டபாணீ..."

இரண்டு, என்றேன் மனதுக்குள். ஊதி இங்க்கைக் காய வைத்தேன். உறையில் போட்டேன். நன்றி சொன்னேன். ஓடவில்லை; ஒரு அரசுத் தரப்பு சாட்சிக்கு உரிய நிதானத்தோடு நடந்தேன். மூன்றாவது கூப்பாடு என் காதில் விழும்போது வாசலில் நிற்க வேண்டும் என்பது திட்டம்.

மூன்றாவது கூப்பாடு வரவில்லை. அது முடிந்துபோயிருந்தது. டவாலி முதல் முறை கோர்ட்டு ஹாலுக்குள் நின்று கூப்பிடுவார், இரண்டாவது முறை கதவருகில், மூன்றாவது முறை வராந்தாவில். கடைசியில் இருந்த அறைக்குள் முதலாவது கேட்காது. இருபத்தேழு வருடம் கணக்கு எழுதியவன் ஒன்றிலிருந்து தொடங்காமல் இரண்டிலிருந்து எண்ணியிருக்கிறேன்.

நான் உள்ளே நுழைந்தபோது இருபத்து நான்காவது கேஸ் நடந்துகொண்டிருந்தது. அரசு வக்கீல் என்னைப் பார்த்த பார்வையில், அவர் வழக்கமாகக் குற்றவாளிகளுக்கு வைத்திருப்பது இருந்தது. "எங்க சார் போனீங்க? பிடிவாரண்டு போட்டாச்சு, அடுத்த தேதியும் குடுத்தாச்சு" என்று பல்லிடுக்கில் சொன்னார்.

"நான் வந்திருக்கேங்க. சர்டிபிகேட் இருக்கு" என்று உறையைக் காட்டினேன்.

அஞ்சலாட்சி வராந்தாவில் ஆட்டம்கண்ட பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் ஓடியாந்து தேடுனேன் சார். டீக்கட வரைக்கும் போய்ப் பாத்துட்டு வந்தேன்" என்றாள். காலை நீட்டித் தேய்த்துக்கொண்டாள். "அடுத்தது இந்த மாசமே. கடைசி வாரம்."

கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதில் விரல் நின்றது. அப்போதுதான் பஸ்ஸில் அவள் சொன்னது எனக்கு முழுதாகக் கேட்டது. அவள் முதல் நாளைக் கோர்ட்டு எடுத்தது. இரண்டாம் நாளை எடுத்ததும் கோர்ட்டுதான். மூன்றாவதை எடுத்தது நான்.

திரும்பும் பஸ்ஸில் நான் வண்டிகளை எண்ணவில்லை.

நான்காம் நாள் காலை, டைம் ஆபீஸ் ஜன்னலில் ஜெனரல் ஷிஃப்ட் கூட்டம் நிற்கும்போது, ஒரு போலீஸ்காரர் உள்ளே வந்தார். "இங்க தண்டபாணிங்கறது யாரு?" என்றார்.

ஜன்னலில் பதினேழு பேர் நின்றிருந்தார்கள். பதினேழு பேரும் என்னைக் காட்டினார்கள்.

ரஹீம் சார் வாரண்டை வாங்கிப் படித்தார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து, முந்தின நாள் நான் லீவு விண்ணப்பத்தோடு கொடுத்திருந்த சர்டிபிகேட்டை எடுத்தார். இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்தார். தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இதுல இருந்திருக்கீங்க. இதுல இல்ல. ரெண்டும் ஒரே கோர்ட்டு. நான் எதுல கையெழுத்துப் போடட்டும் தண்டபாணி?"

போலீஸ்காரரும் எட்டிப் பார்த்தார். "எங்க கணக்குப்படி இல்லைங்க" என்று தன் தரப்பைச் சொன்னார்.

ஜன்னல் கம்பிக்கு வெளியே இருந்து ஒரு கை நீண்டு சர்டிபிகேட்டைத் தன் பக்கம் திருப்பியது. கிரேன் ஆபரேட்டர் பெரியசாமி. நிதானமாகப் பார்த்தார்.

"சீல் நல்லாத் தெளிவா விழுந்திருக்கே சார்" என்றார்.

ஒன்பது வருடம் காத்திருந்தவருக்கு அது போதும். அவரிடம் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "உங்க டோக்கன் நம்பர் என்ன?" என்றுதான் வந்தது.

ஜாமீனில் விடக்கூடிய வாரண்டுதான். வாய்தா தேதிக்கு ஆஜராவேன் என்று எழுதி, ரஹீம் சார் ஜாமீன் கையெழுத்துப் போட, போலீஸ்காரர் டீ குடித்துவிட்டுப் போனார். கம்பத்துக்குக் கம்பம் செய்தி பரவி, நான் மதியம் சாப்பிட வீட்டுக்குப் போவதற்குள் கோமதிக்கு எட்டியிருந்தது. "போலீஸ் வந்துச்சாமே. சாப்பிட்டுட்டுப் போறீங்களா, இல்ல அங்கயே போடுவாங்களா?" என்றாள்.

மாலையில் ரஹீம் சார் என் விண்ணப்பத்தை என்னிடமே தள்ளினார். "இத்தனை வருஷமா நீங்கதான முடிவு பண்றீங்க. இதையும் நீங்களே பண்ணுங்க."

சட்டப்படி பார்த்தால் என்னிடம் கையெழுத்து, தேதி, நேரம், சீல் நான்கும் இருந்தன. ஆன் டூட்டி என்று எழுதினால் ஒருவரும் கேட்க முடியாது. ஆனால் அன்று கோர்ட்டுக்கு நான் எதற்காகப் போனேனோ அது மட்டும் நடக்கவில்லை. கேஷுவல் லீவு என்று எழுதினேன். பல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

என் நாள் கணக்கில் ஏறிவிட்டது. அஞ்சலாட்சியின் நாள்? அதை எழுத எங்கள் ஆபீஸில் கார்டு இல்லை. நான் போட்ட சி.எல். அவளுக்குப் போய்ச் சேராது.

அந்த இரவும் தூக்கமில்லை. காலையில் வாரண்டு நகலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பக்கத்து பிளாக் பூங்காவுக்குப் போனேன். என் முப்பத்தொரு வருடத்தில் நான் யாருக்கும் காட்ட விரும்பாத ஒரே காகிதம் அது. அங்கே மேஸ்திரி கலியமூர்த்தி நோட்டை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இருபத்தொரு பெண்கள் துடைப்பத்தோடு வரிசையாக நின்றிருந்தார்கள். அஞ்சலாட்சி பதினாறாவது.

"கடைசி வாரம் அஞ்சலாட்சி ஒரு நாள் கோர்ட்டுக்கு வரணும். அதை மூணாவது நாளா எழுதாதீங்க. அது அவங்களால வந்தது இல்ல, என்னால வந்தது" என்றேன்.

"நீங்க யாரு சார்?"

"சாட்சி."

"சாட்சின்னா இன்னா சார், யாரு வேணா சொல்லலாம். எங்க ஓனருக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

வாரண்டை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, எழுத்துக்கூட்டிப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது. மூன்று முறை அழைத்தும் ஆஜராகாததால் என்ற இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

"கோர்ட்டுலதான இருந்தீங்க?"

"ஆமாம்."

"கூப்ட்டது காதுல விழுந்துது?"

"விழுந்தது. எண்ணிக்கிட்டிருந்தேன்."

அவர் மறுபுறம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. வரிசையில் முதல் பெண் சிரித்தாள். அது இருபத்தொன்று வரைக்கும் போயிற்று, பதினாறை மட்டும் விட்டுவிட்டு. அஞ்சலாட்சி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி போங்க சார். எழுதல" என்றார் கலியமூர்த்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஓனர் கேட்டா இன்னான்னு சொல்லட்டும்?"

"நடந்ததை அப்படியே சொல்லுங்க. என் பேரைச் சொல்லியே சொல்லுங்க."

சொன்னார். ஓனரிடம் மட்டுமல்ல. மந்தாரக்குப்பத்திலிருந்து வடலூர் வரை சொன்னார். நான் காய்கறி வாங்கப் போனால் கடைக்காரர் எடையை மூன்று முறை சொல்ல ஆரம்பித்தார்.

மூன்றாவது வாய்தாவில் அசையவே இல்லை. காலை ஒன்பதரை மணிக்கு கோர்ட்டு ஹாலில் முதல் வரிசையில் உட்கார்ந்தவன், ஒன்றுக்குப் போகக்கூட எழுந்திருக்கவில்லை. படிவம் கொண்டுபோகவில்லை. டவாலி வாயைத் திறந்து 'தண்' என்பதற்குள் கூண்டில் நின்றேன். அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் சொன்னேன். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். இளைஞர். சிரித்த முகம்.

"சார், நீங்க வண்டிகளை எண்ணிட்டிருந்தீங்க. பதினஞ்சாவது வண்டிதான் என் கட்சிக்காரரோடதுன்னு உறுதியாச் சொல்றீங்க."

"ஆமாங்க."

"எண்ணுறதுல கெட்டிக்காரர்."

"பழக்கங்க."

"போன வாய்தாவுல உங்க பேரை எத்தனை தடவை கூப்பிட்டாங்க?"

"மூணு தடவைங்க."

"நீங்க எத்தனை எண்ணுனீங்க?"

"ரெண்டு."

ஹாலில் சிரிப்பு. நீதிபதியும் பேனாவை வைத்துவிட்டார். கடைசி வரிசையில் அஞ்சலாட்சி மடியில் மஞ்சள் பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். முந்தின வாய்தாவின் அசட்டுத்தனம் ஒரு நாளோடு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். அது எனக்கு முன்பே வந்து கூண்டில் நின்றுகொண்டிருக்கிறது.

"மூணை ரெண்டுன்னு எண்ணுறவர் நீங்க. அப்ப இந்தப் பதினஞ்சும் பதினாறா இருக்கலாம். இல்லையா?"

இல்லை என்று சொல்ல நாக்கு துடித்தது. என் எண்ணிக்கையை யாரும் அதுவரை சந்தேகித்ததில்லை. ஆனால் உண்மை சொல்வதாக உறுதிமொழி எடுத்து அரை மணிகூட ஆகவில்லை.

"இருக்கலாங்க" என்றேன்.

அரசு வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

"பதினாறாவும் இருக்கலாம், பதினாலாவும் இருக்கலாங்க. அன்னைக்கு என் பேரைக் கூப்பிடறப்போ நான் கோர்ட்டைப் பாக்கல, ஒரு சீலைப் பாத்துட்டிருந்தேன். அதனால தப்பிப்போச்சு. ஆனா குள்ளஞ்சாவடியில நான் ரோட்டைத்தாங்க பாத்துட்டிருந்தேன். நான் சொன்ன நம்பர் வேன், எத்தனாவது வண்டியா இருந்தாலும் தப்பான பக்கத்துலதான் வந்துது. அந்தம்மா ஓரமாத்தான் நின்னாங்க."

இளைஞர் அடுத்த கேள்விக்காகக் காகிதத்தைப் புரட்டினார். நீதிபதி பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். அவர் எத்தனை வரி எழுதினார் என்று நான் எண்ணவில்லை. அன்றே அஞ்சலாட்சியையும் விசாரித்து முடித்தார்கள். ஐந்து மாதம் கழித்து ஓட்டுநருக்குத் தண்டனை என்று தீர்ப்பு வந்ததை அவள்தான் வந்து சொன்னாள். கூட்டிக்கொண்டிருந்த தெருவிலிருந்து துடைப்பத்தோடு நேராக எங்கள் வீட்டு கேட்டுக்கு வந்து, "சார், முடிஞ்சிடுச்சு" என்றாள். வித்யாவின் கல்யாணத்துக்கும் வந்திருந்தாள். தாரை வார்க்கும் நேரத்தில் யாரோ, "பொண்ணோட அப்பா எங்கப்பா?" என்று கேட்டதும் பந்தியிலிருந்து சாம்பார்க் கையோடு மேடைக்கு ஓடினேன். மணவறைக்குக் கீழே நின்றவள், "பரவால்ல, சார் மொத கூப்பாட்டுக்கே வந்துட்டாரு" என்றாள். கல்யாண வீடியோவில் அந்தக் குரல் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் அதற்கு விளக்கம் கேட்டு, கோமதி சொல்லி, கதை அந்தக் குடும்பத்துக்கும் போயிற்று.

குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, டவுன்ஷிப்புக்கு வெளியே கட்டிய வீட்டில் இப்போது நாங்கள் இருவரும்தான். ஆஸ்பத்திரியில் யார் பெயரைக் கூப்பிட்டாலும் எழுந்துவிடுகிறேன். போன மாதம் ஒரு சரஸ்வதிக்காக எழுந்தேன். "உக்காருங்க, நீங்க அந்தக் கேஸ்ல சாட்சி இல்ல" என்று கோமதி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

மதியம் சாப்பாடு தயாரானதும் சமையலறையிலிருந்து, டவாலி இழுத்த அதே இழுப்பில், "தண்டபாணீ..." என்கிறாள். (நாற்பத்து நான்கு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் என் பெயரைச் சொல்வது இதற்கு மட்டும்தான்.) நான் உடனே எழுந்து சமையலறை வாசலில் போய் நின்றுவிடுகிறேன். என்னை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே இரண்டாவது முறையும் கூப்பிடுகிறாள். தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மூன்றாவது. மூன்றும் முடிகிற வரை நின்றுகொண்டே இருக்கிறேன். நடுவில் உட்கார எனக்குத் தைரியம் இல்லை.